முன்சீப் ஆவதற்கு முன் மூன்று வருடம்

பௌர்ணமிக்கு மறுநாள் திருவண்ணாமலை கோர்ட்டில் வாய்தா இருந்தால் கட்சிக்காரர்களுக்கு அது சோதனை நாள். கிரிவலம் முடித்த கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து வர வேண்டிய பெரியவர் பாதி வழியில் நின்றுகொண்டிருப்பார். இங்கே டபேதார் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டு முடித்திருப்பார்.

அப்படி ஒரு காலையில் நீதிபதி கட்டை மூடாமல் தனியே எடுத்து வைத்ததைப் பார்த்தேன். “நேத்து பௌர்ணமி. மதியம் கூப்பிடுங்க” என்றார். அவர் இந்த மாவட்டத்துக்காரர் இல்லை. வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. பெரியவர் பன்னிரண்டு மணிக்கு வியர்த்து விறுவிறுத்து வந்தார். அவர் தொடுத்த தாவா அன்றைக்கு உயிரோடு இருந்தது. “ஆஜரில்லை, தள்ளுபடி” என்று எழுதியிருந்தாலும் சட்டப்படி தப்பு சொல்ல முடியாது. முப்பது நாளுக்குள் மனுப் போட்டுத் திரும்பக் கோப்புக்கு எடுக்கலாம். ஆனால் அந்தப் பெரியவருக்கு அது இன்னொரு வக்கீல் செலவு, இன்னும் நாலு நடை.

இந்த மாதிரி அறிவு கோர்ட்டில் நின்றால்தான் வரும். நீதிபதி ஆக விரும்பும் சட்ட மாணவர்கள் வருடம் தவறாமல் என்னிடம் வருகிறார்கள். முன்பெல்லாம் கேள்வி ஒன்றுதான்: “சார், டிஎன்பிஎஸ்சி எப்ப வரும், எந்த கோச்சிங் நல்லது?” 2025 மே 20-க்குப் பிறகு கேள்வி மாறிவிட்டது. “மூணு வருஷம் என்ன சார் பண்றது?” என்று கேட்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

அன்றைக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது இது. உரிமையியல் நீதிபதி பதவிக்கு, அதாவது முன்சீப் என்று நாம் சொல்லும் நீதித்துறை ஏணியின் முதல் படிக்கு, விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று வருடம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வின் தீர்ப்பு. இந்த விதி முன்பே இருந்து 2002-ல் எடுக்கப்பட்டது. படித்து முடித்தவுடன் தேர்வு எழுதி நேரே நாற்காலிக்கு வந்தவர்களைப் பற்றி உயர் நீதிமன்றங்கள் சொன்ன அனுபவத்தை வைத்து, இருபத்து மூன்று வருடம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். கணக்கு, பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்து தொடங்கும், அகில இந்திய பார் தேர்வில் தேறிய நாளிலிருந்து அல்ல. பத்து வருடம் தொழில் செய்த வக்கீல் ஒருவர் சான்று தர வேண்டும், அந்தக் கோர்ட்டின் நீதித்துறை அதிகாரி அதில் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக வேலை பார்த்த காலமும் சேரும். தேர்வானவர்கள் கோர்ட்டில் அமருமுன் ஒரு வருடப் பயிற்சியும் பெற வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும்போது அப்போதைய அறிவிப்பை முழுதாகப் படித்துக்கொள்ளுங்கள்.

இதை ஒரு தடையாக நினைத்துப் பையன்கள் சோர்ந்து போவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது திருவாரூர் முத்துசாமி ஐயர் கதை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி அவர். 1832 ஜனவரி 28-ல் தஞ்சை மாவட்டம் உச்சுவாடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே திருவாரூரில் கிராமக் கணக்கருக்கு எடுபிடியாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் ஒரு ரூபாய். அங்கே நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். ஆற்றில் வெள்ளம். கரை எங்கே உடைந்தது, எவ்வளவு சேதம் என்று தாசில்தாருக்கு உடனே தெரிய வேண்டும். பொறுப்பான ஆள் இல்லை. இந்தப் பையன் நேரில் போய்ப் பார்த்து, விசாரித்து, தகவலோடு திரும்பி வந்தான். பிறகு சரிபார்த்தால் அவன் சொன்னது அத்தனையும் சரி. அந்தத் தாசில்தார் முத்துசாமி நாயக்கர்தான் பையனைப் படிக்க வைக்க ஏற்பாடு செய்தார். அப்படித்தான் அவர் சென்னைக்கு வந்து கல்வியாளர் ஐர் பர்ட்டன் பவலின் மாணவர் ஆனார். தெருவிளக்கில் படித்தார் என்ற கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த விளக்கைவிட ஆற்றங்கரை முக்கியம். யாரோ சொன்னதை வைத்து எழுதாமல், போய்ப் பார்த்து வந்து சொன்ன பையன் அவன்.

அதற்குப் பிறகு அவர் ஏறிய படிகளைக் கவனியுங்கள். ஆசிரியர் வேலை, பள்ளிகளின் துணை ஆய்வாளர் வேலை. அரசாங்கம் வக்கீல் தேர்வு தொடங்கியதும் அதை எழுதி முதலிடம். 1856-ல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப். 1859-ல் தஞ்சையில் டெபுடி கலெக்டர். 1865-ல் தென் கன்னடத்தில் சதர் அமீன், இன்றைய கணக்கில் சார்பு நீதிபதி என்று வைத்துக்கொள்ளலாம். 1868-ல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். பிறகு சிறு வழக்கு நீதிமன்றம். உயர் நீதிமன்றத்துக்கு வரும்போது அவர் கீழ்க்கோர்ட்டின் ஏறக்குறைய எல்லா நாற்காலிகளிலும் உட்கார்ந்து எழுந்தவர். நிலவரியும் தெரியும், சில்லறைக் கடன் தகராறும் தெரியும், தெருச்சண்டையும் தெரியும்.

அதில் இன்னொரு விஷயம் உண்டு. அவர் சட்டப் பட்டம் வாங்கியது சென்னையில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோதுதான். அப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. பகலில் தீர்ப்பு எழுதிக்கொண்டே மாணவராகவும் இருந்தார். “வயசாயிடுச்சு சார், இனிமே எங்க” என்று இருபத்தெட்டு வயதுக்காரர் சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

அந்த மாஜிஸ்திரேட் காலத்துச் சம்பவம் ஒன்றும் சொல்லப்படுகிறது. வெள்ளைக்கார உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தன் வேலையாளை அடித்துவிட்டதாகப் புகார் வந்தது. முத்துசாமி ஐயர் அவருக்குச் சம்மன் அனுப்பினார். அவ்வளவு பெரியவரை நேரில் வரச் சொல்ல வேண்டாமே என்று மேலதிகாரி சொன்னபோதும் மசியவில்லை.

1870-களின் கடைசியில் அவரை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தபோது ஆங்கிலேயர் கையில் இருந்த சென்னைப் பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கி எழுதின. ஓர் இந்தியருக்கு அந்த நாற்காலியா என்பதுதான் அவர்கள் குறை. இந்தியர் பக்கத்தைச் சொல்ல ஒரு பத்திரிகை இல்லையே என்று கொதித்த ஆறு இளைஞர்கள், ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, எண்பது பிரதிகள் அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20-ல் ‘தி இந்து’ பிறந்த கதை அது. இத்தனை சத்தத்துக்கு நடுவிலும் முத்துசாமி ஐயர் தீர்ப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். 1891-ல் மலபார் திருமண ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். 1893-ல் சில மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தார். 1895 ஜனவரியில் பணியில் இருக்கும்போதே காலமானார். உயர் நீதிமன்றத்துக்குள் இன்றும் அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது. சென்னை போகும்போது ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

இதற்கும் முந்தைய காலத்தில் அமெரிக்காவில் நிலைமை வேறு. 1789-ல் அங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களை அமைத்தபோது தேர்வு என்ற பேச்சே இல்லை. ஜனாதிபதி பெயர் சொல்வார், செனட் ஒப்புக்கொள்ளும், பதவி ஆயுளுக்கும். ஆனால் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆறு பேரும் தலைநகரில் உட்கார்ந்திருக்க முடியாது. வருடத்துக்கு இரண்டு முறை குதிரையிலும் வண்டியிலும் மாநிலம் மாநிலமாகப் போய் வழக்கு கேட்க வேண்டும். தெற்குச் சுற்றுக்குப் போன ஜேம்ஸ் ஐரடெல், வழிநெடுகப் பட்ட பாடுகளைக் கடிதங்களில் எழுதியிருக்கிறார். 1799-ல் நாற்பத்தெட்டு வயதில் இறந்தார். பின்னாளில் தலைமை நீதிபதியாகப் புகழ்பெற்ற ஜான் மார்ஷல் கல்லூரியில் சட்டம் கேட்டது சில வாரங்கள்தான். அந்தத் தலைமுறை சட்டம் படித்தது பெரும்பாலும் ஒரு சீனியரின் அறையில், கட்டுகளைப் பிரித்துப் பிரித்துத்தான். நம் மூன்று வருடமும் கிட்டத்தட்ட அதேதான். ஒரே வித்தியாசம், நமக்கு அதற்குப் பிறகு தேர்வும் உண்டு.

சரி, மூன்று வருடத்தை எப்படிச் செலவழிப்பது?

முதலில் பதிவு. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடுகிறது. பதிவுக் கட்டணமாகச் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலூர், விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரிகளில் படித்துவிட்டு, பதிவுக்குப் பணம் சேரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். இனி அந்தக் காத்திருப்பு தேவையில்லை.

அடுத்து சீனியர். சென்னைக்குப் போனால்தான் தொழில் என்று நினைப்பவர்கள் அதிகம். உரிமையியல் நீதிபதி ஆவதுதான் குறி என்றால், உள்ளூர்க் கோர்ட்டே சிறந்த பள்ளிக்கூடம் என்பேன். நீங்கள் நாளைக்கு உட்காரப்போகும் நாற்காலி உயர் நீதிமன்றத்தில் இல்லை. திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம் போன்ற ஓர் ஊரில்தான் இருக்கிறது. பாகப் பிரிவினை, வண்டிப்பாதைத் தகராறு, கிணற்றில் நாலில் ஒரு பங்கு, ஜீவனாம்சம், காசோலை வழக்கு, அடிதடி என்று எல்லாமே ஒரே கட்டடத்தில் நடக்கும். சிவில், கிரிமினல் இரண்டும் பார்க்கிற சீனியராகத் தேடுங்கள். ஒன்றை மட்டும் பார்ப்பவரிடம் சேர்ந்தால் தேர்வில் பாதிதான் கை கொடுக்கும்.

சேர்ந்த முதல் ஆறு மாதம் வாதாட ஆசைப்படாதீர்கள். குமாஸ்தாவின் பக்கத்தில் உட்காருங்கள். நகல் மனு எப்படிப் போடுவது, கோர்ட் கட்டணம் எப்படிக் கணக்கிடுவது, பிராது ஏன் திருப்பி அனுப்பப்படுகிறது, வில்லங்கச் சான்றில் எந்தப் பதிவைத் தேட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. வயதில் பெரியவர் என்றால் “அண்ணே” என்று கூப்பிட்டுக் கேளுங்கள். வாஞ்சையோடு சொல்லிக்கொடுப்பார்கள்.

என் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பிராதில் சொத்து விவரம் டைப் செய்தது நான். புல எண் 112/2ஏ என்று இருக்க வேண்டியது 112/2 என்று போய்விட்டது. மூலப்பத்திரத்தைப் பார்த்தேன், பட்டாவோடு ஒப்பிடவில்லை. எதிர்த்தரப்பு எதிர்வழக்குரையில் அதைப் பிடித்துக்கொண்டது. பிராதைத் திருத்த மனு, அதற்கு எதிருரை, விசாரணை, உத்தரவு என்று எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதமும் கட்சிக்காரர் தன் சொந்த நிலத்தில் வேலி போட முடியாமல் நின்றார். ஒரு எழுத்து. இன்றைக்கும் சொத்து விவரம் எழுதினால் பத்திரம், பட்டா, சிட்டா, நில வரைபடம் நான்கையும் மேஜையில் விரித்து, நான்கெல்லையை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்க்கிறேன். முடிந்தால் நிலத்தையே போய்ப் பார்க்கிறேன்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். அது மொழி.

டிஎன்பிஎஸ்சி நடத்தும் உரிமையியல் நீதிபதி முதன்மைத் தேர்வில் நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். முதல் தாள் மொழிபெயர்ப்பு. சாட்சி வாக்குமூலம், பத்திரம் போன்றவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் கொண்டுபோக வேண்டும். கோச்சிங் மையங்களில் இதற்கு ஒதுக்கும் நேரம் குறைவு. நல்ல மாணவர்கள் விழுவதும் இங்கேதான்.

ஒரு சாட்சி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “தாவா சொத்து எங்கப்பா காலத்துலேருந்து எங்க அனுபவத்துலதான் இருக்குது. பிரதிவாதி போக்கியத்துக்கு வந்தவரு. கிரயம் எதுவும் ஆகல.” ஆங்கிலவழியில் படித்த ஒரு ஜூனியர் என் முன்னாலேயே ‘அனுபவம்’ என்பதற்கு ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதினார். கோர்ட்டில் அனுபவம் என்றால் நிலத்தைக் கையில் வைத்து அதன் பலனை எடுத்துக்கொண்டிருப்பது. ‘பொசஷன் அண்ட் என்ஜாய்மென்ட்’ என்று எழுத வேண்டும். இந்த ஒரு சொல்லில்தான் நிரந்தர உறுத்துக்கட்டளைத் தாவா நிற்கிறது அல்லது விழுகிறது. போக்கியம் இன்னும் நுட்பமானது. டவுனில் வீட்டுக்குப் போக்கியம் என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருப்பது. நிலத்தில் போக்கியம் என்றால் கடன் கொடுத்தவர் நிலத்தைப் பயிரிட்டுப் பலனை எடுத்துக்கொள்வது. சாட்சி எதைச் சொல்கிறார் என்று தெரியாமல் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் போட்டுவிட முடியாது. பைசல், தாவா, சுவாதீனம், பாத்தியம், செக்குபந்தி, ஒத்தி, தான செட்டில்மென்ட் என்று இப்படி இருநூறு முந்நூறு சொற்கள். இவற்றை அகராதியில் படித்தால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் மறக்கவே மறக்காது.

நான் ஜூனியர்களுக்குச் சொல்லும் பயிற்சி இது. தினமும் ஒரு வாக்குமூலத்தைக் கேளுங்கள். சாயங்காலம் அலுவலகத்தில் அதிலிருந்து பத்து வரியை ஆங்கிலத்தில் எழுதுங்கள். மறுநாள் அந்த ஆங்கிலத்தை மட்டும் பார்த்துத் திரும்பத் தமிழில் எழுதுங்கள். அசலோடு ஒப்பிடுங்கள். சாட்சியின் வார்த்தை எங்கே மாறிப்போனது என்று சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள். மூன்று வருடத்தில் எழுநூறு நாளாவது கோர்ட் நடக்கும். அதில் பாதி நாள் செய்தால் போதும்.

மற்ற மூன்று சட்டத் தாள்களில் ஒன்று சட்டங்களைப் பற்றிய நேர்க் கேள்விகள். ஒன்றில் சிவில் வழக்குக்கு எழுவினாக்கள் வனைந்து தீர்ப்பு எழுத வேண்டும். இன்னொன்றில் குற்றச்சாட்டு வனைந்து கிரிமினல் தீர்ப்பு எழுத வேண்டும். தீர்ப்பு எழுதுவதும் கேட்டுக் கேட்டுத்தான் வரும். உங்கள் கோர்ட்டில் விசாரணை முடிந்து தீர்ப்புக்கு ஒத்திவைக்கப்பட்ட ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிராது, எதிர்வழக்குரை, சாட்சியம், சான்றாவணம் எல்லாம் சீனியர் கட்டில் இருக்கும். நீதிபதி தீர்ப்பு சொல்வதற்கு முன்பே உங்கள் தீர்ப்பை எழுதி வையுங்கள். அவர் தீர்ப்பு வந்ததும் நகல் வாங்கி ஒப்பிடுங்கள். முடிவு ஒன்றாக இருந்தாலும் பெரிதாக மகிழாதீர்கள். எந்தச் சாட்சியை அவர் நம்பினார், அதற்கு என்ன காரணம் சொன்னார், தோற்றவர் வாதத்துக்குப் பதில் சொன்னாரா என்று பாருங்கள். தோற்றவர் வீட்டுக்குப் போய் அதைப் படிக்கும்போது, ‘நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்’ என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

படிக்க வேண்டிய சட்டங்களில் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பாரதிய சாக்‌ஷிய அதினியம் வந்துவிட்டன. ஆனால் அதற்கு முன்பு நடந்த குற்றங்கள் பழைய தண்டனைச் சட்டப்படிதான். ஆக, கோர்ட்டில் இரண்டு எண்களும் இன்னும் பல வருடம் கூடவே ஓடும். கொலைக்குப் பழைய பிரிவு 302-ஐயும் புதிய பிரிவு 103-ஐயும் சேர்த்துத் தெரிந்து வையுங்கள்.

பணம் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பயிற்சி வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இது எல்லா அலுவலகத்திலும் கிடைப்பதில்லை. பஸ் செலவுக்குக்கூடப் போதாத தொகையில் ஜூனியராக இருப்பவர்கள் ஏராளம். சீனியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்களிடம் காலை முதல் இரவு வரை உழைக்கிற பிள்ளைக்கு அந்த 15,000-ஐக் கொடுங்கள். மூன்று வருட விதி சரியானதுதான் என்று நம்புகிறேன். ஆனால் அதன் பாரம் எல்லோர் தோளிலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

இதைச் சொல்லும்போது நம் மாவட்டத்து ஸ்ரீபதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜவ்வாது மலையில் புலியூர் கிராமத்தைச் சேர்ந்த பழங்குடிப் பெண். 2023-ல் நடந்த உரிமையியல் நீதிபதித் தேர்வில் இருபத்து மூன்று வயதில் தேர்வானார். முதன்மைத் தேர்வுக்குச் சில நாள் முன்புதான் அவருக்குக் குழந்தை பிறந்தது. பச்சைக் குழந்தையோடு மலையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போய் எழுதினார். 2024 பிப்ரவரியில் முடிவு வந்தபோது முதலமைச்சரே பாராட்டி எழுதினார். ஜமுனாமரத்தூரிலிருந்து கீழே இறங்கி ஒரு பட்டாவுக்காக அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேசும் பேச்சு புரிகிற ஒருவர் நாற்காலியில் அமர்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புதிய விதி அன்றைக்கு இருந்திருந்தால் ஸ்ரீபதி மூன்று வருடம் காத்திருந்திருக்க வேண்டும். கைக்குழந்தையோடு, சொற்ப வருமானத்தில் அந்தக் காலத்தை அவர் தாண்டியிருப்பாரா என்பது என்னை உறுத்துகிற கேள்வி. மலைக்கிராமத்திலிருந்து அடுத்து வரும் பெண்ணுக்கு உதவித்தொகையும் டவுனில் தங்குமிடமும் கிடைத்தால்தான் இந்த விதி நியாயமாக இருக்கும். வக்கீல் சங்கங்கள் இதைக் கையில் எடுக்கலாம். ஓர் அறையும் ஒரு படிப்பகமும் இருந்தாலே தொடக்கத்துக்குப் போதும்.

ஸ்ரீபதி போன்றவர்களுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. இந்தியாவின் முதல் பெண் முன்சீப் அன்னா சாண்டி, திருவிதாங்கூரில் 1937-ல் நியமிக்கப்பட்டவர். 1959-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவரும் முதல் படியிலிருந்து ஏறியவர்தான்.

வேலையில் சேர்ந்த பிறகு என்ன? இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதிய ஆணையத்தின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய், படிகள் தனி. பதவி உயர்வில் சார்பு நீதிபதி, பிறகு மாவட்ட நீதிபதி. மாவட்ட நீதிபதி இடங்களில் பாதி பதவி உயர்வுக்கு, கால் பங்கு துறைத் தேர்வுக்கு, கால் பங்கு நேரடி நியமனத்துக்கு. இந்த நேரடி நியமனம் முன்பு வக்கீல்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2025 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை மாற்றியது. வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்த காலம் சேர்ந்து ஏழு வருடம் ஆகி, வயது முப்பத்தைந்து நிறைந்திருந்தால், பணியில் இருக்கும் நீதிபதியும் போட்டியிடலாம். இருபத்தாறு வயதில் முதல் படியில் சேர்பவருக்கு இது பெரிய வாசல்.

சொந்த ஊரில் வேலை கிடைக்கும் என்று எண்ணாதீர்கள், இடமாற்றம் நிச்சயம். தெரிந்தவர் கல்யாணத்துக்குப் போவதற்குக்கூட யோசிக்க வேண்டிய வாழ்க்கை இது. எதிர்த்தரப்பு அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கலாம். வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள், குறிப்பாகத் திருமணப் பேச்சு நடக்கிற வீட்டில்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, நாளைக்கே தொடங்க வேண்டியது. கடையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். தினமும் நீங்கள் ஆஜரான வழக்கின் எண், கோர்ட், அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். உத்தரவில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, பதிவாகவில்லை என்றால் பெஞ்ச் கிளார்க்கிடம் மரியாதையாகச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து அனுபவச் சான்றில் கையெழுத்துக் கேட்டு நீங்கள் நிற்கும்போது, சீனியரும் நீதிபதியும் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான். வலது ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, அன்றைக்குக் கேட்ட புதுச் சொல் ஒன்றையும் எழுதி வையுங்கள்.